வெரோனாவில் வாய் திறவாதவர்கள்

ரோமியோவும் ஜூலியட்டும் மாண்டது எதனால் என்று கேட்டால், விதி என்பார் சிலர். குடும்பப் பகை என்பார் சிலர். இளமையின் அவசரம் என்பார் பலர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மூன்றுக்கும் சான்று உண்டு. ஆயினும் அதனை நிதானமாக மீண்டும் படிப்போருக்கு இம்மூன்றும் போதா என்பது புலனாகும்.

பகையை முதலில் நோக்குவோம். கப்யூலெட் இல்லத்து விருந்தில் ரோமியோ நுழைந்ததை அறிந்து டிபால்ட் கொதித்தெழுகிறான். அவனை அடக்குபவர் கப்யூலெட்டே! ரோமியோ நற்பண்புள்ளவன் என ஊரே புகழ்கிறது, என் வீட்டில் அவனுக்கு அவமதிப்பு நேரலாகாது என்று கடிந்துரைக்கிறார். முதியோர் நெஞ்சில் பகை தணிந்து கொண்டிருந்தது என்றே தோன்றுகிறது. அதை அறிந்துகொள்ள எவரும் முயலவில்லை.

அவசரம் இளையோருக்கு மட்டும் உரியதா? ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட செய்யுளில் இக்கதை பல மாதங்கள் நீள்கிறது. ஷேக்ஸ்பியரோ அதனை ஐந்து நாள்களுக்குள் அடக்கினார். புரூக்கிடம் 16 வயதினளான ஜூலியட்டை 14 நிரம்பாத சிறுமியாக்கினார். இரண்டு கோடைகள் கழியட்டும், மகளின் சம்மதமும் வேண்டும் என்று பாரிஸிடம் முதலில் சொன்ன தந்தை, டிபால்ட் இறந்தபின் அவளைக் கேளாமலே வியாழனன்று திருமணம் என்கிறார். பிறகு அதையும் புதனுக்கு மாற்றுகிறார். மறுத்தவளைத் தெருவில் நிறுத்துவேன் என்கிறார். தாய் முகம் திருப்பிக் கொள்கிறாள். பாலூட்டி வளர்த்த செவிலியோ, முதற் கணவனை மறந்து பாரிஸை மணந்துகொள் என்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தில் அப்பெண் அநாதையாகிறாள்.

எஞ்சியவர் துறவி லாரன்ஸ். அவருடைய நோக்கம் தூயது. இம்மணத்தால் இரு குடும்பமும் ஒன்றுபடும் என நம்பினார். மறைவான மணங்களால் விளைந்த கேடுகளைக் கண்டே திரெந்து பொதுச்சங்கம் 1563-இல், பங்குக்குருவும் சாட்சிகள் இருவரும் முன்னிலையில் இருந்தாலன்றி மெய்விவாகம் செல்லாது என விதித்தது. கதையின் காலம் அதற்கு முந்தியது. ஆகவே லாரன்ஸ் நடத்திய மணம் செல்லுபடியானதே. அப்படியெனில், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பாரிஸ் அவரிடமே வந்து வியாழக்கிழமை திருமணத்தைப் பற்றிப் பேசுகிறான். இவள் ஏற்கெனவே மணமானவள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். துறவியோ, காலம் மிகக் குறுகியதாயிற்றே என்று மட்டும் சொல்கிறார். உண்மை வெளிப்பட்டால் நாடு கடத்தப்பட்ட ரோமியோவின் மனைவி தன் வீட்டாரின் சினத்துக்கு ஆளாவாள் என அஞ்சினார் போலும். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மாற்றாக அவர் தந்தது என்ன? 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்து!

கடிதம் மாந்துவா சேராததைத் தற்செயல் என்பர். கொள்ளைநோய் அச்சத்தால் தூது சென்ற துறவி ஒரு வீட்டில் அடைக்கப்பட்டது தற்செயல்தான். இருவர் உயிரை ஒரே கடிதத்தில் தொங்கவிட்டது தற்செயலன்று.

கல்லறையில் காவலர் அரவம் கேட்டதும் லாரன்ஸ், உடன்வர மறுத்த ஜூலியட்டைத் தனியே விட்டு வெளியேறுகிறார். பிடிபட்ட பின்னரே, மூன்று பிணங்கள் கிடக்க, பிரபுவின் முன் அனைத்தையும் ஏறக்குறைய 40 வரிகளில் ஒளிவின்றி உரைக்கிறார். பிரபு அவரைத் தண்டிக்கவில்லை. பகைவர் இருவரும் அவ்விடத்திலேயே கை கோக்கின்றனர்.