கறுப்பு, வெள்ளை, நீலம்... புகை சொல்லும் சேதி!

காஞ்சிபுரத்துக்கு வர்ற கூட்டத்துல செம ஜாலியான பார்ட்டி யாருன்னா, சந்தேகமே இல்லாம வேன் பார்ட்டிதான்! வந்தவாசி பக்கமிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, செவிலிமேடு வழியா ஊருக்குள்ள நுழையற டூரிஸ்ட் வேன்களைக் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. கூரை மேல தார்ப்பாய் போட்டுக் கட்டின மூட்டை, ஜன்னல்ல காயற துண்டு, பின்சீட்டுக்கு அடியில அண்டா, கரண்டி, அரிசி மூட்டை. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர்னு தரிசனம் முடிச்சு, பட்டுப்புடவைக் கடையில ஒரு மணி நேரம் பேரம் பேசிட்டு, மரத்தடியில வண்டியை ஓரங்கட்டி புளிசாதத்தைப் பிரிப்பாங்க. ராத்திரி தூக்கமும் சீட்டுலயேதான்.

கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வெச்சு வெள்ளைக்காரங்க இதையே 'மோட்டார்ஹோம்'னு சொல்றாங்க. நமக்கு கேரவன்னாலே சினிமா ஹீரோ மேக்கப் போடற வண்டிதான் ஞாபகம் வரும். 2021-ல் கேரள அரசு 'கேரவன் கேரளா'ன்னு ஒரு சுற்றுலாத் திட்டத்தையே அறிவிச்சது. ஆனா நம்ம ஜனங்க சக்கரம் வெச்ச வீட்டுல பல வருஷமாவே குடும்பம் நடத்திக்கிட்டுதான் இருக்காங்க!

இதுல ஒரு சூப்பர் கனெக்‌ஷன் இருக்கு. 1977-ல் ஜெர்மனியில மெர்சிடிஸ் பென்ஸ் 'டி1'னு ஒரு வேனைக் கொண்டு வந்தாங்க. ஐரோப்பாவுல ஏகப்பட்ட பேர் அதை வாங்கி மோட்டார்ஹோமா மாத்திக்கிட்டு ஊர் சுத்தினாங்க. அதே டி1-ஐ அடிப்படையா வெச்சு 1987-ல் நம்ம நாட்டுல பஜாஜ் டெம்போ கம்பெனி இறக்கினதுதான் டெம்போ டிராவலர்! (2005-ல் கம்பெனி பேரு ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு மாறிடுச்சு.) எஞ்சினும் மெர்சிடிஸ் லைசென்ஸ்ல செஞ்ச ஓ.எம்.616தான். நாலு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல். ஜெர்மன் தாத்தா-பாட்டி ஆல்ப்ஸ் மலை ஏறினதும், நம்ம சாமிமாருங்க சபரிமலை சீசனுக்குப் போனதும் ஒரே குடும்பத்து எஞ்சின்லதான்!

1973-ல் வந்த மெர்சிடிஸ் '240டி' கார்லயும் இதே எஞ்சின்தான். கிரீஸ் நாட்டு டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சசினிடிஸ் அந்த கார்ல ஓட்டின தூரம் 46 லட்சம் கிலோமீட்டர். 2004-ல் மெர்சிடிஸ் மியூசியமே அதை வாங்கி வெச்சுக்கிச்சு. ஒரே எஞ்சின் அவ்வளவு தூரமும் ஓடிடுச்சான்னு கேட்டா, இல்லை. ஒண்ணை வேலைக்கு இறக்கி, இன்னொண்ணை மாட்டி, மாத்தி மாத்தி ஓட்டியிருக்கார். அதாவது எஞ்சினை விட அதைத் திறந்து மூடத் தெரிஞ்ச கைதான் முக்கியம்.

ரோட்டோர ஷெட்ல வேலை பார்க்கற மெக்கானிக் அண்ணன்கள் கிட்ட இருக்கறது அந்தக் கைதான். பழைய டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஓ.எம்.616-ல காத்தை இருபதுல ஒரு பங்குக்கும் கீழே அமுக்கறப்போ அது 500 டிகிரிக்கு மேல கொதிக்கும். அதுல டீசலைப் பீச்சினா தானாவே பத்திக்கும். காத்து, அமுக்கம், சரியான நேரத்துல டீசல்... இந்த மூணும் இருந்தா வண்டி ஓடும். இல்லேன்னா எது இல்லைன்னு கண்டுபிடிக்கணும். தெர்மல் லேப்ல மூணு மணி நேரம் கிராஃப் போட்டு நாம கண்டுபிடிக்கறதை, அவங்க சைலன்ஸரைப் பார்த்தே சொல்லிடறாங்க!

கறுப்புப் புகையா? டீசல் அதிகம், காத்து கம்மி. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லேன்னா நாசில் தேய்ஞ்சு பூந்தூறலா பீச்ச வேண்டியதை சொட்டு சொட்டா ஒழுக விடும். 12 சீட் வேன்ல 20 பேரை ஏத்தி மலை ஏறினாலும் இதே கறுப்புதான். நீலப் புகைன்னா எஞ்சின் ஆயில் எரியுது. பிஸ்டன் ரிங், வால்வு சீல்னு செலவு வைக்கும். வெள்ளைப் புகைக்கு ரெண்டு அர்த்தம். காலையில ஸ்டார்ட் பண்றப்போ வந்து கொஞ்ச நேரத்துல நின்னா, ஹீட்டர் பிளக்ல ஒண்ணு அவுட்டாகியிருக்கலாம். சூடான பிறகும் விடாம வந்து, ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சுக்கிட்டே போனா... ஹெட் கேஸ்கெட்! அன்னிக்கு டூர் அவ்வளவுதான்.

ராத்திரி நேரத்துல வண்டியை நிறுத்தற கோளாறு பெரும்பாலும் இவ்வளவு பெருசா இருக்காது. 'ஏர் லாக்'தான் நிறைய. டீசல் ஃபில்டர் மாத்தினப்போ, இல்ல டேங்க் வறண்டப்போ குழாய்க்குள்ள காத்து புகுந்துடும். ஃபில்டர் மேல இருக்கற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, கைப்பம்பை அடிச்சுக்கிட்டே இருந்தா நுரையா வரும். நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் டைட் பண்ணிட்டா வேலை முடிஞ்சது. இதைத்தான் 'ஏர் எடுக்கறது'ன்னு சொல்றாங்க. பத்து நிமிஷ வேலை. இது தெரியாம விடிய விடிய செல்ஃப் அடிச்சு பேட்டரியையும் காலி பண்ணிக்கிட்டவங்க நிறைய. அதுவும் நம்ம வேன்கள்ல ஃபேன், லைட், பாட்டு, பதினஞ்சு மொபைல் சார்ஜ்னு எல்லாத்துக்கும் ஒரே பேட்டரி. மோட்டார்ஹோம்ல வீட்டுக்குத் தனி பேட்டரி, எஞ்சினுக்குத் தனி பேட்டரி. காப்பியடிக்க வேண்டிய ஐடியா.

அடுத்தது தண்ணி. வேடன் தம்பதியா வந்த வரதராஜருக்கும் தாயாருக்கும் ராமானுஜர் தண்ணி கொண்டு வந்து கொடுத்ததா சொல்லப்படற சாலைக் கிணறு இந்த செவிலிமேட்டுலதான் இருக்கு. வழிப்போக்கருக்குத் தண்ணி கொடுத்தா புண்ணியம். ஆனா ரேடியேட்டருக்குப் போர் தண்ணி ஊத்தினா பாவம்! அதுல இருக்கற உப்பு உள்ளே படிஞ்சு, பாதையை அடைச்சு, எஞ்சினைக் கொதிக்க விடும். கூலன்ட் வாங்கி ஊத்தறதுதான் சரி. வண்டி சூடாகுதுன்னு சொன்னா தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டித் தூக்கிப் போடற வழக்கமும் ஷெட்கள்ல உண்டு. மெக்கானிக் அண்ணன்கள் மன்னிக்கணும், இதுல மட்டும் என் ஓட்டு டெக்ஸ்ட்புக்குக்குத்தான். டீசல் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடினா புகையும் தேய்மானமும் கூடும்.

இதெல்லாம் பர்ஸுக்கு ஆபத்து. உயிருக்கு ஆபத்தான விஷயம் ரெண்டு இருக்கு.

டீசல் மிச்சம் பிடிக்கறேன்னு மலை இறக்கத்துல எஞ்சினை ஆஃப் பண்ற டிரைவர்கள் இருக்காங்க. இந்த மாதிரி வேன்ல பிரேக்குக்குத் துணையா இருக்கறது வேக்குவம். அதைக் கொடுக்கற பம்ப் எஞ்சின் ஓடினாத்தான் வேலை செய்யும். எஞ்சின் நின்னுட்டா, ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். நியூட்ரல்ல உருட்டறதும் தப்புதான். ஏறின கியர்லயே இறங்கணும்கற பழைய டிரைவர்கள் கணக்குதான் சரி.

இன்னொண்ணு சமையல் சிலிண்டர். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில தீ. உத்தரப்பிரதேசத்துல இருந்து வந்த பயணிகள் விதியை மீறி உள்ளே கொண்டு வந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். ஒன்பது பேர் இறந்துட்டாங்க. ரயில் பெட்டியிலேயே இந்த கதின்னா, ஒரே ஒரு கதவு இருக்கற வேனை யோசிச்சுப் பாருங்க. அடுப்பு வேணும்னா இறங்கி, வண்டியை விட்டுத் தள்ளிப் பத்த வைக்கணும். ஓடற வண்டியில டீ போடறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சரி, இந்தப் பழைய வண்டிகளை ஓட விடலாமா? வேன் ஓனருக்கு கடன் முடிஞ்ச பழைய வண்டிதான் சோறு போடுது. புதுசு வாங்கினா மறுபடி இ.எம்.ஐ. இன்னொரு பக்கம், 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு உறுதியா வகைப்படுத்திடுச்சு. நாள் முழுக்க அந்தப் புகையை சுவாசிக்கறவங்க யாரு? டிரைவரும் மெக்கானிக்கும்தான். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு புது வண்டிகள் ரொம்பவே சுத்தம். அதுல காமன் ரெயில் சிஸ்டம். பழைய நாசில் நூத்துச் சொச்சம் பார் அழுத்தத்துல பீச்சும்னா, இது ஆயிரத்தைந்நூறையும் தாண்டும். கைப்பம்ப், ஸ்பேனர் மட்டும் வெச்சு அதுகிட்ட போக முடியாது. ஸ்கேனர் வேணும், டிரெய்னிங் வேணும். பம்ப், நாசில்னாலே 'மைக்கோ'ன்னு சொல்லி வளர்ந்த தலைமுறைக்கு (பெங்களூர் மைக்கோ 2008-ல் பாஷ்னு பேர் மாறியாச்சு) அந்த டிரெய்னிங்கைக் கொடுக்கறது யாரு?

2022 ஏப்ரல்ல இருந்து 15 வயசு தாண்டின வண்டிகளோட எஃப்.சி., ஆர்.சி. புதுப்பிக்கற கட்டணமும் பல மடங்கு ஏறிடுச்சு. என்னைக் கேட்டா, வயசை மட்டும் பார்த்து ஒரு வண்டியைக் கழிச்சுக் கட்டறதை விட, புகையை நிஜமா அளந்து பார்த்து முடிவு பண்றது நியாயம். நல்லா பராமரிச்ச 14 வயசு வண்டியும் இருக்கு, சீரழிச்ச 6 வயசு வண்டியும் இருக்கு. ஆனா புகை சர்டிஃபிகேட்டை வண்டியைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தா இந்த வாதம் காலி!

அடுத்த மாசம் உங்க டிபார்ட்மென்ட்ல ஐ.வி.க்கு வேன் புக் பண்றாங்களா? ஏ.சி. இருக்கா, சவுண்ட் சிஸ்டம் இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி எஃப்.சி. தேதியைக் கேளுங்க. கிளம்பற அன்னிக்கு எஞ்சின் ஆறியிருக்கறப்போவே முதல் ஸ்டார்ட்டைப் பாருங்க. என்ன கலர்ல புகை வருது, எவ்வளவு நேரத்துல நிக்குதுன்னு கவனிங்க. அப்படியே டிரைவர் அண்ணா நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினார்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.