மூடு வர ஒரு கடிகாரம்!

"மூடு வந்தால்தான் எழுதுவேன்" என்கிறவரா நீங்கள்? ஆன்டனி ட்ரோலப் கதையைக் கேளுங்கள். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை ஐந்தரைக்கு மேஜை முன் ஆஜர். எழுப்பிக் காபி கொடுக்கும் வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு எக்ஸ்ட்ரா! முதல் அரைமணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். விட்ட இடத்தில் மனசு தானாக ஒட்டிக்கொள்ளும். பிறகு எதிரே கடிகாரம். கால் மணிக்கு 250 வார்த்தை. எழுதிய பக்கங்கள் டைரியில் வரவு. இப்படியே 47 நாவல்!

பி.காம். படித்த எனக்கு இந்தப் பேரேடு ரொம்பப் பிடிக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பதே காலையில் ஒரு மணி நேரம். அதையும் மூடுக்காகக் காத்திருந்தே கழித்தால் கற்பனை எப்போது வரும்? தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி... மனசு பழகிவிடும். காபி மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரை மணிக்கு வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்ல!