காற்றும் அண்டை வீட்டார் ஹக்கும்



பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அலை உடைகையில் தெறிக்கும் நுண்ணிய உப்புத்துகள்கள் மேலெழுந்து மழைத்துளிக்கு வித்தாகின்றன. இது ரஹ்மானின் ஏற்பாடு. அதே காற்றில் நாம் கலப்பதோ அடுப்புப் புகையும், எரித்த நைலான் வலையின் கரியும்!

விஞ்ஞானி வீ. ராமநாதன் உள்ளிட்டோர் 1999இல் நடத்திய ஆய்வு, இந்தியப் பெருங்கடலின்மேல் பழுப்புநிறப் புகைத்திரை கவிந்திருப்பதைக் கண்டது. இமயத்திலாவது தூய காற்று இருக்குமா? எவரெஸ்ட் அருகே 5,079 மீட்டர் உயரத்தில் 2006இல் அளக்கத் தொடங்கினர். அங்கும் கரித்துகள், சல்பேட், கரிமப் பொருள்கள்! பள்ளத்தாக்குக் காற்று பிற்பகலில் அவற்றை மேலேற்றுகிறது. பனியில் படிந்த கரி வெயிலை உறிஞ்சி அதனை உருக்குகிறது.

மனிதர் வாழா மலைக்கே இக்கதியென்றால், அடுப்பின்முன் குனிந்திருக்கும் நம் தாய்மாரின் நுரையீரல் என்னாகும்? அடுத்த வீட்டுப் பாலகனின் மூச்சும் அண்டை வீட்டார் ஹக்கைச் சேர்ந்ததன்றோ? எனவே அடுப்புக்குப் புகைபோக்கி அமையுங்கள். கிழிந்த வலைகளைக் கரையில் கொளுத்தாதீர்கள்.