போடிமெட்டு இறக்கமும் முன் ஸ்ட்ரட்டும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலைக்காக வாரம் இருமுறை என் மாருதி 800-ல் ஏறி இறங்குகிறேன். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். அதைத் தாங்குவது ஸ்ட்ரட்: சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பர்சன் 1940-களில் உருவாக்கிய இந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான சிறிய கார்களில் இருக்கிறது.

ஆயில் கசிந்து, பள்ளத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்ததும் இரு பக்க ஸ்ட்ரட்டுகளையும் கழற்றினேன். வில்லைப் பிரித்துக் கோக்கும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்தேன். அமுங்கியிருக்கும் வில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

மாட்டியது வீட்டு வாசலில். பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தேன். மேல் நட்டுகளை முதலில் கையால் மட்டும் சுற்றினேன். கீழே, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளைகளை ஒத்துப் பிடித்து இரண்டு போல்ட்டுகளையும் செருகினேன். எல்லாம் சரியாக அமர்ந்த பிறகே முறுக்கினேன். பிரேக் ஹோஸை முறுக்கு விழாமல் பொருத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்தேன்.

நக்கிள் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினாலே சக்கரத்தின் சாய்வு மாறக்கூடும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் மலை ஏறாதீர்கள்.