பொறுமை என்றால் சும்மா இருப்பதா?



2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. டெல்லியில் ஒரு மருத்துவமனையில் பதினைந்து நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பினோம். பார்க்க வந்த சங்கத்து நண்பர்களும் எங்கள் சபையாரும் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரே வார்த்தையையும் கொண்டுவந்தார்கள். "பொறுமையா இருங்கம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்." நல்ல மனதோடு சொன்னதுதான். நானும் அதையே தினமும் நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் இரவு, குழறிய பேச்சில் அவள் கேட்டாள். "ஏங்க, பொறுமையா இருக்கிறதுன்னா என்ன? இப்படியே படுத்துக் கிடக்கிறதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்ட வார்த்தை, பொருள் கேட்டால் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆயர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதையும், அதன் பின் நாங்கள் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். (பாருங்கள், இங்கேயும் அந்த வார்த்தை வந்துவிட்டது!)

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நம் தமிழ் வேதாகமத்தில் 'பொறுமை' என்று வரும் பல இடங்களில் கிரேக்கத்தில் 'ஹுபொமொனே' என்ற சொல் இருக்கிறதாம். 'ஹுபோ' என்றால் கீழே. மீதி, தங்கி நிற்பது. சுமைக்குக் கீழே நழுவாமல் நிற்பது என்று பொருள். நம்மை எரிச்சல்படுத்தும் மனிதர்களைப் பொறுத்துக்கொள்வதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு. தமிழில் இரண்டுமே 'பொறுமை' ஆகிவிட்டதால் நமக்குக் குழப்பம் என்றார் ஆயர். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் பந்தய ஓட்டத்தைப் பொறுமையோடு ஓடச் சொல்லியிருக்கிறது. பொறுமை என்றால் சும்மா இருப்பது என்றால், ஓடுவது எப்படி? இத்தனை வருடம் அதை வாசித்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து திருக்குறளைப் புரட்டினேன். வள்ளுவர் குழப்பவில்லை. பிறர் செய்யும் தீங்கைப் பொறுப்பதற்குப் 'பொறையுடைமை' என்று பதினாறாவது அதிகாரம். துன்பம் வந்தபோது கலங்காமல் நிற்பதற்கு 'இடுக்கணழியாமை' என்று அறுபத்து மூன்றாவது அதிகாரம். அதற்கு நேர் முன்னால் எது இருக்கிறது தெரியுமா? 'ஆள்வினையுடைமை', அதாவது விடாமுயற்சி. பவுல் அப்போஸ்தலர் சொன்ன பொறுமை இந்த அறுபத்திரண்டுக்கும் அறுபத்து மூன்றுக்கும்தான் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பதினாறுக்குப் பக்கத்தில் அல்ல.

இதை எனக்குப் புரியவைத்தது என் தொழில்தான். இப்போதைய தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறோம். பழைய காலம் போல் ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. டெல்லி வெயிலில் மே, ஜூன் மாதங்களில் தண்டவாளத்தின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும், ஜனவரியில் உறைந்துபோகும். இரும்பு நீளவும் சுருங்கவும் துடிக்கும். ஆனால் நடுப்பகுதி அசைவதில்லை. அவ்வளவு விசையையும் உள்ளே வைத்துக்கொண்டு கிடக்கிறது. பார்ப்பவருக்கு அது சும்மா கிடப்பது போல் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒவ்வொரு ஸ்லீப்பரும், அதைச் சுற்றிக் கொட்டியிருக்கும் ஜல்லியும். நல்ல வெயில் நேரத்தில் ஜல்லியைத் தோண்டிவிட்டால் தண்டவாளம் பாம்பு போல் வளைந்துவிடும். அதனால்தான் கீமேன் தினமும் தன் பகுதி முழுக்க நடந்து பார்க்கிறான். நேற்று நடந்தது இன்றைக்குக் கணக்கில் வராது.

சரி, கதைக்கு வருகிறேன். மனைவியை வேலூருக்கு அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்து கேரளா எக்ஸ்பிரஸில் காட்பாடிக்கு டிக்கெட் எடுத்தேன். டெல்லித் தமிழர்களில் அந்த வண்டியில் ஒரு முறையாவது அப்படிப் போகாத குடும்பம் குறைவு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம், ஊருக்கு வெளியே பாகாயத்தில் இருக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சிக்கு அருகே செறாயியில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்து, மகப்பேறு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1954 ஜனவரியில் நண்பர்களோடு வண்டியில் போனபோது விபத்து. முகத்தில் பலத்த காயம். தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. வயது இருபத்தெட்டு.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் கட்டடத் தொழில் கற்றவர். (எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.) தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றவர். அந்தச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று மேரிக்கு வழி காட்டியவர் அவர்தான். மேரி முதுகெலும்பில் அறுவை சிகிச்சைகளைத் தாங்கி, நிமிர்ந்து உட்காரப் பழகி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

அந்தச் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழுநோயில் முழங்கைப் பக்கம் ஓடும் நரம்பு செத்துப்போகிறது. விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலிழந்து கை கொக்கி போல் மடங்கிவிடுகிறது. வேறு வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல தசை ஒன்றின் தசைநாரை எடுத்து, விரலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். ரயில்வே பாஷையில் சொன்னால், ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு வண்டியைத் திருப்புவது. ஆனால் டாக்டரின் வேலை அதோடு முடிகிறது. மடக்கிக்கொண்டிருந்த தசைக்கு இனிமேல் நிமிர்த்துவதுதான் வேலை என்று நோயாளியின் மூளை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதை அவர்தான் வாரக்கணக்காக, விரல் விரலாகப் பழக வேண்டும். பழகாவிட்டால் அறுவை சிகிச்சை வீண்.

மேரிக்கும் இதே கதைதான். உணர்வில்லாத உடம்பு ஓரிடத்தில் அழுந்தினால் வலிக்காது; வலிக்காததாலேயே புண்ணாகும். படுக்கையில் சுமார் இரண்டு மணிக்கு ஒரு முறை திரும்ப வேண்டும். நாற்காலியில் இருந்தால் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இது சாகும்வரை தினமும் உண்டு. அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹவார்ட் ரஸ்க் அவர்களின் நிலையத்தில் இந்தத் துறையையே படித்தார். திரும்பி வந்து 1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயம் நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது. 1986-இல் காலமானார்.

அவர் ஆழ்ந்த விசுவாசி. ஆனால் நடக்க வேண்டும் என்ற ஜெபத்துக்கு அவர் கேட்ட பதில் கடைசிவரை வரவில்லை. இதை நாம் மறைக்கக் கூடாது. சில கூட்டங்களில், விசுவாசம் இருந்தால் எழுந்து நடந்துவிடுவாய் என்று நோயாளியிடம் சொல்லுகிறார்கள். எழுந்து நடக்க முடியாதவர் நோயோடு குற்ற உணர்வையும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகிறார். இன்னொரு பக்கம், குடிகாரக் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுமையாயிரு" என்று சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. சுமையை இறக்கிவைக்க வழி இருக்கும்போது இறக்கிவைக்கத்தான் வேண்டும். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துத் தடுப்பது அநியாயம்.

இந்தக் குணம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து என்றும் நான் சொல்லவில்லை. நம் டெல்லியிலேயே மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா இருந்தார். 1965 மே மாதம் எவரெஸ்டில் ஏறியவர். அதே ஆண்டு பாகிஸ்தானுடன் நடந்த போரில் குண்டு பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். வசந்த் குஞ்சில் உள்ள முதுகுத்தண்டுக் காய மருத்துவ மையம் அவர் உருவாக்கியது. 2022-இல் மறைந்தார்.

பாகாயத்தில் எங்களுக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றம்தான். மாத்திரை மாற்றுவார்கள், மெஷின் வைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். பயிற்சி கொடுத்த பெண் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையைப் போட்டு, வலது கையால் எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொன்னார். நல்ல கையை உபயோகிக்கக் கூடாது. முதல் நாள் ஒரு கொட்டைகூட ஏறவில்லை. என் மனைவி அழுதுவிட்டாள். நான் உதவிக்குக் கையை நீட்டினேன். "சார், நீங்க எடுத்துப் போட்டா உங்க கைக்குத்தான் பயிற்சி" என்றார் அந்தப் பெண்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் செய்ய வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. ஸ்லீப்பர் தண்டவாளத்துக்குச் செய்வது போல.

டெல்லிக்குத் திரும்பிய பின் காலை ஐந்தரைக்கு ஜெபம், அதன் பின் முக்கால் மணி நேரம் கைப்பயிற்சி என்று வைத்துக்கொண்டோம். "கர்த்தாவே, சுகம் தாரும்" என்று மட்டும் ஜெபித்துக்கொண்டிருந்தவள், "இன்றைக்கு இதைச் செய்யப் பெலன் தாரும்" என்று மாற்றிக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. டிசம்பர் குளிரில் விரல்கள் மரக்கட்டை போல் ஆகிவிடும். வெந்நீரில் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்குவோம். சில நாட்கள் கோபத்தில் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். கட்டிலுக்கு அடியிலிருந்து கொட்டைகளைப் பொறுக்குவது என் வேலை. இரண்டு வாரம் ஒரு முன்னேற்றமும் இருக்காது. பிறகு ஒரு நாள், காரணமே இல்லாமல், கட்டைவிரல் ஒரு அங்குலம் கூடுதலாக வரும்.

இப்போது தலை வாரிக்கொள்கிறாள், ரவிக்கைக் கொக்கி போட்டுக்கொள்கிறாள், கைத்தடியோடு கோயிலுக்கு நடந்து வருகிறாள். கையெழுத்து இன்னும் கோணல்தான். வங்கியில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர் வழக்கப்படி முறுக்கு சுட வேண்டும் என்று போன வருடம் பிடிவாதம் பிடித்தாள். பிழிகிற பலம் வலது கைக்கு இன்னும் வரவில்லை. மாவைப் பிசைந்து, உருட்டி, உழக்கில் போட்டுக் கொடுத்தது அவள். பிழிந்தது நான். கோணல் மாணலாக வந்தது என்று பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். வருகிற டிசம்பரில் தானே பிழிவதாகச் சொல்லியிருக்கிறாள். காலையில் இப்போது புளியங்கொட்டைக்குப் பதில் ஈரத் துண்டைப் பிழிந்து பழகிக்கொண்டிருக்கிறாள்.