ஹேவ்லாக்கில் ஐந்து மணிக்கே பொழுது சாயும்

அந்தமானுக்குத் தேனிலவு போகும் ஜோடிகளில் பலரை முதல் நாளே ஏமாற்றுவது ஓட்டல் அறையோ சாப்பாடோ அல்ல, சூரியன். மதியம் ஹேவ்லாக் தீவில் இறங்குகிறார்கள். அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார்கள். "ஆறு மணிக்கு பீச்சுக்குப் போய் சன்செட் பார்க்கலாம்" என்று நம் ஊர்க் கணக்கில் ஸ்கூட்டியைக் கிளப்புகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும்போது ராதாநகர் கடற்கரை இருட்டிக் கிடக்கிறது. கூட்டம் எதிர்த்திசையில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவின் கடிகாரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே ஓடும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து நடக்கிறது. ஹேவ்லாக் இருப்பது கிட்டத்தட்ட 93 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், அங்கே சூரியன் கைக்கடிகாரத்தைவிட நாற்பது நிமிடத்துக்கு மேல் முந்திக்கொண்டு ஓடுகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஐம்பது நிமிடம். பொங்கல் சமயத்தில் சென்னையில் ஆறு மணிவாக்கில் மறைகிற சூரியன், ஹேவ்லாக்கில் ஐந்தே கால் ஆவதற்குள் கடலுக்குள் போய்விடும். டிசம்பர் தொடக்கத்தில் ஐந்து மணிகூட ஆகாது. பகல் நீளமாக இருக்கும் ஜூனிலும் ஆறு மணிவரை தாக்குப்பிடிக்காது. வெப்ப மண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சமும் அதிக நேரம் நிற்காது. மறைந்து அரை மணிக்குள் இருட்டு.

ஆகவே முதல் நாளின் பட்டியலை மாலையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ராதாநகரில் மூன்று மணிக்கு நிற்க வேண்டுமானால் மற்றதெல்லாம் அதற்கு முன் முடிய வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊரின் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பல். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து போகும் அரசுப் படகு இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் குறைவு. தனியார் அதிவேகப் படகுகள் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். டிக்கெட்டில் 'ஸ்வராஜ் த்வீப்' என்று இருப்பதைப் பார்த்து வேறு தீவோ என்று பயப்பட வேண்டாம். 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடி ஏற்றியதன் 75-ஆம் ஆண்டையொட்டி, 2018-ல் ஹேவ்லாக்குக்கு வைத்த பெயர் அது. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர் அரசுத் தாள்களில் போய்விட்டது. டிரைவர்கள் வாயிலும் பேக்கேஜ்காரர்கள் வாயிலும் இன்னும் போகவில்லை.

படகுப் பயணத்தில் ஒரு விஷயத்தை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. தனியார் படகுகள் பெரும்பாலும் நாலாபக்கமும் மூடிய ஏ.சி. படகுகள். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கு எதிர் சீட் அசையாமல் தெரிகிறது. உட்செவியோ, உடம்பு ஆடுகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரை போட்டால் அது வயிற்றிலேயே நிற்காது. ஏறுவதற்கு அரை மணியாவது முன்னால், மருத்துவரைக் கேட்டுவைத்த மாத்திரையைப் போட்டு, ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் இடம் பிடிப்பதே வழி. ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள், அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால் அதிலும் பலன் உண்டு.

ஹேவ்லாக் ஊர்களுக்கு எண்கள் உண்டு. கோவிந்த நகர் மூன்றாம் நம்பர், விஜய நகர் ஐந்து, ராதாநகர் ஏழு. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து 1950-களில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள்தான் தீவின் பழைய குடிகள். அதனால்தான் ஊர்ப்பெயர் எல்லாம் கிருஷ்ணன், ராதை வாசனையோடு இருக்கிறது, சிறு ஓட்டல்களில் கடுகெண்ணெய் மீன்குழம்பு கிடைக்கிறது. பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, அந்தமான் நிக்கோபாரில் வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்து அதிகம் பேர் தாய்மொழியாகச் சொன்னது தமிழைத்தான்.

ஜெட்டியிலிருந்து ஏழாம் நம்பர் பீச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். தென்னந்தோப்பும் பாக்குத்தோப்பும் தாண்டி, ஓங்கி வளர்ந்த மரங்களுக்கு நடுவே சாலை முடிகிறது. அந்தக் காடு மணல்வரை வந்து நிற்பதுதான் ராதாநகரின் அழகு. கடலுக்கும் மரங்களுக்கும் இடையே கட்டடமே கண்ணில் படாது. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று இதைச் சொல்லிவிட்டது, பேக்கேஜ்காரர்கள் இன்றுவரை அதையே சொல்லி விற்கிறார்கள். 2020-ல் இந்தியாவில் முதலில் நீலக்கொடிச் சான்று பெற்ற எட்டுக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. இந்தக் கடலில் நீந்திய ராஜன் என்ற யானையின் படங்களை இன்னமும் தீவில் பார்க்கலாம். மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, பிறகு சுற்றுலாப் பயணிகளுக்காக நீந்தி, 2016-ல் செத்துப்போனது.

மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்க்க வேண்டும். மெரினா மணல் போலப் பழுப்பாக, கரகரப்பாக இருக்காது. மாவு போல மெல்லிசாக, வெள்ளையாக இருக்கும். இதில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவந்த மலைப்பாறைத் தூள் அல்ல, பவளமும் சிப்பியும் உடைந்த சுண்ணாம்பு. பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாசிக்காகப் பாறையைக் கடித்து, சுண்ணாம்பை அரைத்து, மணலாகக் கழித்துவிடுகின்றன. காலடியில் இருப்பதில் கொஞ்சம் மீன் எச்சம் என்று புது மனைவியிடம் முதல் நாளே சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் துணிச்சல்.

தண்ணீரின் நிறத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1921-ல் ஐரோப்பாவுக்குப் போன கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலைப் பார்த்து அதைச் சந்தேகித்தார். தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். தண்ணீர் சிவப்பொளியை விழுங்கிவிடுவதும் நீலத்துக்குக் காரணம் என்று பின்னாளில் உறுதியானது. ஆழம் குறைந்த இடத்தில் அடியில் வெள்ளை மணல் இருந்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி, போட்டோக்களில் பார்க்கும் அந்தப் பச்சைநீலம் தெரிகிறது. வெயில் சாய்ந்தபின் அந்த நிறம் போய்விடும். மூன்று மணிக்கே போகச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

அந்த வெயில்தான் முதல் நாளின் பெரிய வில்லன். மாநிறக்காரர்களுக்கு வெயில் சுடாது என்பது வெறும் நம்பிக்கை. சுட்டது தெரிய நாலைந்து மணி நேரம் ஆகும், உச்சத்துக்கு வர ஒரு நாள் ஆகும். மதியம் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஆடியவர், ராத்திரி தோளில் சட்டை பட்டாலே முகம் சுளிக்கிறார். கடலுக்குள் இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருக்கும் புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் இருக்கிறது. உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 30 என்றால் வெயிலில் சுடும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. ஆகவே விலை கூடின டியூபைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுகிற பொறுமைதான் முக்கியம். அதைவிட நல்லது முழுக்கை நீச்சல் சட்டை. அது கடலில் கரையாது, பவளத்துக்கும் கேடில்லை. ஆக்ஸிபென்ஸோன் சேர்த்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை செய்ததே பவளத்தை முன்னிட்டுத்தான்.

அறை ஐந்தாம் நம்பர் பக்கம், அதாவது கிழக்குக் கரையில் இருந்தால், வேறொரு அதிர்ச்சி காத்திருக்கும். கதவைத் திறந்தால் கடலைக் காணோம்! பாறையும் சேறும் குட்டைகளுமாக நூறு, இருநூறு மீட்டருக்குத் தரை தெரியும், படகுகள் சாய்ந்து கிடக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்காத தமிழருக்கு, கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் வயிறு கலங்குவது நியாயம்தான். ஆனால் இது அன்றாடம் நடக்கும் வற்றம். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகும். கரையும் சரிவில்லாமல் தட்டையாக இருப்பதால் தண்ணீர் வெகுதூரம் விலகிவிடுகிறது. ஆறு மணி நேரத்தில் திரும்பி வரும், மறுநாள் சுமார் ஐம்பது நிமிடம் தாமதமாக இதே ஆட்டம். அறைக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, இன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதுதான். வற்றத்தில் கண்டபடி நடக்கிறவர்கள் செருப்பில்லாமல் பவளத்தில் கால் வைத்தால், கீறல் சின்னதாக இருந்தாலும் ஆறுவதற்கு நாளாகும்.

ஆள் இல்லாத ஒதுக்குப்புறம் தேடுவது புது ஜோடிகளின் இயல்பு. ராதாநகரில் அந்த ஆசைக்கு ஓர் எல்லை உண்டு. 2010-ல் கடற்கரையின் ஓரத்திலுள்ள நீல்ஸ் கோவ் பகுதியில் ஒரு அமெரிக்கப் பெண்ணை உவர்நீர் முதலை கொன்றது. அதன்பின் நீந்தும் பகுதியில் வலை கட்டினார்கள், உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை தாண்டிப் போவது சாகசம் ஆகாது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில் இறங்குவதும் அப்படித்தான். கரையில் மோதிய தண்ணீர் திரும்பி ஓடும் இழுவை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

இவ்வளவும் முடிந்து அறைக்கு வரும்போது, விடிகாலை விமானத்துக்காக நடுராத்திரி எழுந்த இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் முறைத்துக்கொண்டால், அதற்கு ஜாதகத்தைக் குறை சொல்ல வேண்டாம். நீண்ட விடுமுறை எடுத்தவர்களைக் கவனித்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், நலவுணர்வு உச்சம் தொட்டது எட்டாம் நாளில். ஐந்து நாள் பேக்கேஜ்காரர்கள் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். ராத்திரியாவது நன்றாகத் தூங்கலாம் என்றால் அதற்கும் தடை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2016-ல் காட்டியது இது: புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடப்பாதி முழுதாக ஆழ்ந்து உறங்காமல் சத்தங்களுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே முதல் நாள் மாலைக்கு ராதாநகர் ஒன்று போதும். அதே நாளில் கலாபத்தர், எலிஃபண்ட் பீச், இரவு கயாக்கிங் என்று அடுக்குகிற பேக்கேஜை மறுத்துவிடுவது நல்லது. கலாபத்தர் கிழக்கே பார்த்த கரை, அதை மறுநாள் விடிகாலைச் சூரியோதயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சியாளரோடு முதன்முறை கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கும் ட்ரை டைவ் போவதும் இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ இருக்கட்டும். தூக்கம் கெட்ட உடம்போடு முதல் நாளே கடலுக்குள் இறங்குவது உசிதமில்லை. கடைசி நாளுக்கும் தள்ளக் கூடாது. அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். டைவ் முடிந்து குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் பதினெட்டு மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம்.

முதல் நாள் மாலை பெரும்பாலோர் செய்யும் இன்னொரு காரியம், கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை நினைவுக்கு என்று கைப்பையில் போட்டுக்கொள்வது. செத்த பவளமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. ஊர் திரும்பும் நாளில் விமான நிலைய ஸ்கேனரில் அது பளிச்சென்று தெரியும். வரிசையை விட்டுத் தனியே நிறுத்தி, பெட்டியைத் திறந்து, ஈரத்துணிக்கு அடியிலிருந்து அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள். வாக்குவாதம் செய்தால் விமானம் தவறும், வழக்கும் வரலாம்.