காயாத துண்டும் படிக்காத லேபிளும்

விளையாட்டுக்கோ ஜிம்முக்கோ பயணத்துக்கோ துண்டு வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் தடவிப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மெத்தென்று இருந்தால் நல்ல துண்டு, கனமாக இருந்தால் தரமான துண்டு என்பது பரவலான நம்பிக்கை. வீட்டுக் குளியலறைக் கொடியில் நாள் முழுக்கக் காயப்போகும் துண்டுக்கு இந்த அளவுகோல் போதும். வியர்வையைத் துடைத்து, ஈரத்தோடு பைக்குள் திணித்து, மறுநாள் காலை மறுபடி முகத்தில் படப்போகும் துண்டுக்குப் போதாது. அதைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதுதான். தடவிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. எந்த நூல், என்ன எடை, என்ன நீள அகலம் என்பவை தெரிந்தால்தான் காண முடியும். அந்த விவரங்களைக் கேட்டுப் பெற நுகர்வோருக்கு உரிமை உண்டு. துண்டு மலிவான பொருள்தானே என்று அந்த உரிமையை விட்டுக்கொடுப்பவர் தம் தோலின் நலத்தையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்.

ஈரத்தால் வரும் கேடு

கடந்த பத்தாண்டுகளில் இந்தியாவெங்கும் படர்தாமரை எளிதில் குணமாகாத நோயாக மாறியிருக்கிறது. ஜப்பானில் சிகிச்சை பெற்ற இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்தவர்கள், 2020-இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயரிட்டார்கள். படர்தாமரைக்கு வழக்கமாகத் தரப்படும் டெர்பினாஃபின் மருந்துக்கு இந்தப் பூஞ்சை பல வேளைகளில் கட்டுப்படுவதில்லை. 2023-இல் அமெரிக்காவிலும் இது கண்டறியப்பட்டது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் நிலைமையை மோசமாக்கின என்பது தோல் மருத்துவர்களின் நீண்ட நாள் எச்சரிக்கை. பல ஸ்டீராய்டு களிம்புகளை மத்திய அரசு 2018-இல் மருந்துச் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. உடலிலிருந்து உதிரும் செதில்களோடு இந்தப் பூஞ்சையின் வித்துகள் துணியிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று படர்தாமரை நோயாளியின் குடும்பத்துக்கு மருத்துவர் சொல்வது அதனால்தான்.

பாக்டீரியா தொற்றிலும் துண்டுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் 2003-ஆம் ஆண்டுப் பருவத்தில் 58 ஆட்டக்காரர்களில் 5 பேருக்கு, மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியால் 8 முறை தோல் தொற்று ஏற்பட்டது. 2005-இல் வெளியான அதன் விசாரணை அறிக்கை, மைதானத்தில் ஒரே துண்டை மூன்று பேர் வரை பகிர்ந்துகொண்டதைக் குறிப்பிட்டது. கிருமி உடலோடு உடல் உரசுவதால் பரவுகிறது, துண்டின் மேல் ஏன் பழி என்று இங்கே ஒருவர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. செயற்கைப் புல்தரையில் ஏற்பட்ட சிராய்ப்புகளையும், காயத்துக்கு மருந்திட்டவர்களுக்குக் கை கழுவ வசதி இல்லாததையும் அதே அறிக்கை காரணங்களாகச் சொன்னது. துண்டு பல காரணங்களில் ஒன்றுதான். ஆனால் எதிரணி ஆட்டக்காரரின் தோலையோ ஜிம் இருக்கையின் சுத்தத்தையோ நம்மால் முடிவுசெய்ய முடியாது. துண்டு முழுக்க நம் கட்டுப்பாட்டில் இருப்பது. கைக்கு எட்டும் காரணத்தைச் சரிசெய்வதே முதலில் செய்யக்கூடிய வேலை.

துண்டிலிருந்து வரும் முடை நாற்றத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. துவைத்த துணியிலும் ஈர வாடை வீசுவதற்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவே முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். துவைத்த பிறகும் துண்டு நாறினால், அதில் கிருமிகள் பிழைத்திருக்கின்றன, அது போதிய வேகத்தில் காயவில்லை என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் படாத அடுக்குமாடி பால்கனியிலும் விடுதி அறைக் கொடியிலும் தொங்கும் தடித்த துண்டுக்கு இந்தக் கதிதான் நேர்கிறது.

எடையும் நூலும்

துண்டின் தடிமனை ஜி.எஸ்.எம். என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதே அது. 70 சென்டிமீட்டர் அகலமும் 140 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குளியல் துண்டின் பரப்பு 0.98 சதுர மீட்டர். 500 ஜி.எஸ்.எம். என்றால் அது 490 கிராம் இருக்கும், 300 ஜி.எஸ்.எம். என்றால் 294 கிராம். டர்க்கி டவல் என்று நாம் சொல்லும் பூத்துவாலையில் நூல் வளையங்கள் நெருக்கமாக இருப்பதால் பரப்பு கூடி நிறைய நீரை உறிஞ்சுகிறது. அதே வளையங்கள் அந்த நீரை நெடுநேரம் பிடித்தும் வைத்துக்கொள்கின்றன. ஜிம்முக்கு 40-க்கு 80 சென்டிமீட்டர் அளவில் 350 முதல் 400 ஜி.எஸ்.எம். பூத்துவாலை தாராளம், எடை 130 கிராமைத் தாண்டாது. இரண்டு வைத்துக்கொண்டு நாள் விட்டு நாள் மாற்றினால் ஒன்று எப்போதும் உலர்ந்திருக்கும். பயணத்துக்கு 600 ஜி.எஸ்.எம். துண்டு சுமைதான்.

விரைவில் காய்வதற்கு நம் ஊரிலேயே தேர்ந்த பொருள் இருக்கிறது. வளையமில்லாமல் தட்டையாக நெய்யப்படும் ஈரிழைத் துண்டும் குற்றாலத் துண்டும் நீரை உறிஞ்சி, பிழிந்து உதறினால் சீக்கிரம் உலர்ந்துவிடும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட ரகங்களில் துண்டும் அங்கவஸ்திரமும் உண்டு. கைத்தறி என்று சொல்லி விற்கும் துண்டு கைத்தறிதானா என்று பார்க்க, 2006-இல் கொண்டுவரப்பட்ட கைத்தறி முத்திரை உதவும்.

மைக்ரோஃபைபர் துண்டு இதைவிட வேகமாகக் காயுமே, அதுதானே சிறந்தது என்பது அடுத்த கேள்வி. வேகத்தைப் பொறுத்தவரை உண்மை. பெரும்பாலான மைக்ரோஃபைபர் துண்டுகள் பாலியஸ்டர் 80 விழுக்காடும் நைலான் வகை 20 விழுக்காடும் கலந்தவை. அந்த இழை நீரைத் தனக்குள் அதிகம் வாங்குவதில்லை. மிக மெல்லிய இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் நீர் தங்குகிறது. பிழிந்தால் எளிதில் வெளியேறிவிடுகிறது. ஆனால் வியர்வை நாற்றம் வேறு விஷயம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், கடும் உடற்பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளைச் சோதித்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டரில் நாற்றம் கூடுதலாக இருந்தது. நாற்றம் உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவும் அதில் நன்றாக வளர்ந்தது. அது சட்டையில் செய்த சோதனை என்றாலும், அதே இழையால் ஆன துண்டுக்கும் பொருந்தும் எச்சரிக்கை. பருத்தித் துண்டைக் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். பெரும்பாலான மைக்ரோஃபைபர் துண்டுகளுக்கு அந்தச் சூடு ஏற்றதல்ல. நீச்சல், மலையேற்றம் போன்று எடையும் நேரமும் முக்கியமான இடத்தில் மைக்ரோஃபைபர் பொருத்தம், அன்றன்றே துவைப்பதாக இருந்தால். தினசரி வியர்வைக்கு மெல்லிய பருத்தியே பாதுகாப்பு.

லேபிளில் எதை நம்பலாம்

துண்டு விற்பனையில் கவர்ச்சியான சொற்களுக்குப் பஞ்சமில்லை: மூங்கில், எகிப்தியப் பருத்தி, கிருமி எதிர்ப்பு, இயற்கைக்கு உகந்தது. மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான். மூங்கிலுக்கு உண்டு என்று சொல்லப்படும் கிருமி எதிர்ப்புத் தன்மை அந்தச் செயல்முறைக்குப் பின் மிஞ்சுவதில்லை. ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2022-இல் அமெரிக்காவின் வால்மார்ட், கோல்ஸ் நிறுவனங்கள் மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. 2016-இல் அமெரிக்கப் பெருவணிக நிறுவனமான டார்கெட், எகிப்தியப் பருத்தி என்ற பெயரில் வேறு பருத்தியில் செய்த படுக்கை விரிப்புகளை அனுப்பியதாகக் கூறி இந்தியாவின் வெல்ஸ்பன் நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொண்டது. அத்தனை பெரிய வணிகரையே லேபிள் ஏமாற்றும் என்றால், தனி நுகர்வோர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! கிருமி எதிர்ப்புக்காக வெள்ளித் துகள் பூசிய துணிக்கும் இதே கவனம் தேவை. 2008-இல் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட வெள்ளித் துகள் காலுறைகளில் சில, ஒருசில சலவைகளிலேயே வெள்ளியைப் பெருமளவு இழந்தன. கிருமி எதிர்ப்பு என்ற சொல்லை நம்பித் துவைக்காமல் விடுவது ஆபத்து.

உறையிட்டு விற்கும் துண்டின் மேல், 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது உறையிட்டவர் பெயரும் முகவரியும், எண்ணிக்கை, நீள அகலம், தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும். ஜி.எஸ்.எம். எண் அச்சிட்டிருந்தால் அதை வீட்டுத் தராசில் சோதித்துவிடலாம். கிராம் எடையைச் சதுர மீட்டர் பரப்பால் வகுத்தால் போதும். 500 என்று சொன்ன துண்டு 380-தான் வருகிறது என்றால், அதுவே புகாருக்கு முதல் சான்று. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்றும் பார்க்கலாம். புற்றுநோய் அபாயமுள்ள சில அசோ சாயங்களை மத்திய அரசு 1990-களிலேயே தடை செய்திருக்கிறது. சாயம் போவதாலேயே அது தடைசெய்த சாயம் என்று ஆகிவிடாது. ஆனாலும் வியர்வையில் சாயம் விடும் துண்டைத் தோலில் வைக்காமல் இருப்பதே நல்லது.

ஏமாந்தால் என்ன செய்வது

பில் வாங்குவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற அறிவிப்பு குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. இணையத்தில் வாங்கினால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருளின் பக்கத்தில் இருந்த வர்ணனையை வாங்கிய அன்றே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது; பிறகு அது மாறிவிடலாம். விற்றவர் செவிசாய்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதற்கும் பலனில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. தாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு தரலாம், இணையவழியிலும் தரலாம். நூல் எது என்பதில் தகராறு வந்தால் துணியை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

250 ரூபாய்த் துண்டுக்காக யார் ஆணையத்துக்கு அலைவது என்ற எதிர்ப்பு இயல்பானது. அந்த அலுப்பை நம்பித்தான் பொய் லேபிள் பிழைக்கிறது. ஒருவருக்கு நட்டம் 250 ரூபாய். அதே துண்டை ஒரு லட்சம் பேர் வாங்கியிருந்தால் அது இரண்டரைக் கோடி ரூபாய் மோசடி. இப்படிப் பலரையும் பாதிக்கும் தவறான விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுத ஒவ்வொருவருக்கும் சட்டம் வழி தருகிறது. முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்த மத்திய ஆணையம் அதிகாரம் பெற்றது. ஆதாரமில்லாத சுற்றுச்சூழல் பெருமைகளுக்கு எதிராக 2024 அக்டோபரில் தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஒரு புகாரின் பயனைப் பொருளின் விலையால் மட்டும் அளக்கக் கூடாது.

சரியான துண்டு வாங்கினாலும் பழக்கம் சரியில்லை என்றால் பயனில்லை. இருக்கையில் விரிக்க ஒன்று, முகம் துடைக்க ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். யாரோடும் பகிராதீர்கள். பயிற்சி முடிந்ததும் ஈரத் துண்டைப் பையில் மூடி வைக்காமல் விரித்துப் போடுங்கள். 60 டிகிரி சூட்டில் துவைக்கும் இயந்திரம் இல்லாதவர்கள் பருத்தித் துண்டைக் கொதிநீரில் ஊறவைத்து அலசி, வெயிலில் காயவைக்கலாம். துணியை மென்மையாக்கும் திரவம் இழையின் மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அரிப்போடு வட்டத் தடிப்பு கண்டால் மருந்துக்கடைக் களிம்பை நாடாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஜிம்மே துண்டு தருகிறது என்றால் எப்படி, எவ்வளவு சூட்டில் துவைக்கிறார்கள் என்று கேளுங்கள். பணம் வாங்கித் தரும் சேவையில் குறை இருந்தால் அதே நுகர்வோர் சட்டம் அங்கும் செல்லும். எந்த நூல், என்ன எடை, என்ன அளவு, பில் எங்கே என்று வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால், விற்பவர்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.